நான் எழுதாமல் விட்ட கல்

எங்கள் ஆட்களில், இறந்துபோனவர்களின் பேரைச் சொல்வது கிடையாது. பேருக்குப் பதிலாக அவர் செய்த காரியம் ஒன்றைச் சொல்வோம். தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவர். கரடி கடித்தும் பத்து வருஷம் இருந்தவர். மூன்று புருஷனைப் புதைத்தவள். புதைத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டுவிடுவோம். அதில் எழுத்தோ உருவமோ எதுவும் இருக்காது. எந்தக் கல் யாருடையது என்று, தெரிந்தவர் வாயால் கேட்டால்தான் உண்டு.

தெரிந்தவர் என்றால் ஒரு காலத்துக்கு ஒருவர்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது என் அத்தை, அப்பாவின் அக்கா. தாலியறுத்தவள், பிள்ளை இல்லை. தை அறுப்பு முடிந்து ஒரு நாள் காலையில் அவள் சாமைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு சிட்டிகை சாமையைப் போட்டு, அது யார் என்று சொல்லுவாள். பின்னால் போகிற நாங்கள் எல்லாரும் "ம்" என்போம். நாற்பத்தோரு கல். ஒன்றுகூட அவளுக்குத் தவறியதில்லை.

ஏதாவது ஒரு கல்லுக்கு முன்னால் நின்று "மறந்துட்டேன்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அதோடு சரி. அப்புறம் அந்த வாயால் எந்தக் கல்லையும் சொல்லக்கூடாது. அத்தைக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் அப்படித்தான் ஒரு வருஷம் பாதியில் நின்று, கூடையை அத்தை கையில் கொடுத்துவிட்டுக் குடிசைக்குப் போனாராம். மலை மேலே இருக்கிற எங்கள் சனங்களுக்கும் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அடிவாரத்தில் இருந்த எங்கள் ஆறு குடிசைக்கு இருந்தது.

வெண்ணந்தூரிலிருந்து மலையைப் பார்த்து நடந்தால், காடு கழனி எல்லாம் முடிந்து முள்ளும் பாறையுமாக ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் குடிசைகள். ஊரில் எங்களை மலைக்காரங்க என்பார்கள். பண்ணையில் கூலி, விறகு, புளி, கிழங்கு, இதுதான் பிழைப்பு. எப்போது மலையிலிருந்து இறங்கினோம் என்று யாராவது கேட்டால் அத்தை கல்லைத்தான் கையைக் காட்டுவாள். "எண்ணிக்கோங்க" என்பாள்.

எங்கள் ஆட்களில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா வாத்தியார் வீட்டுக்கு விறகு போடுவார். அந்தப் பழக்கத்தில் வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும். என்னை "ஏ கெழங்கு" என்று கூப்பிடுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். பாடம் சொல்லச் சொன்னால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன்.

ஒரு நாள் பண்ணைக்காரரின் தம்பி மகளுக்குப் பலப்பம் காணாமல் போயிற்று. சிலேட்டில் எழுதுகிற பலப்பம், சுண்டுவிரல் நீளம்.

"மலைக்காரி பையைப் பாருங்க சார்" என்றாள்.

வாத்தியார் நல்லவர்தான். இருந்தாலும் என் பையை வாங்கிக் கொட்டினார். இரண்டு வேகவைத்த கிழங்கு உருண்டு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பலப்பம் அப்புறம் அவள் பாவாடை மடிப்பிலேயே கிடைத்தது. அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கிலிருந்து யாருடைய பொருள் காணாமல் போனாலும் முதலில் என் பக்கம்தான் தலைகள் திரும்பும். திருட்டு என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்குக் காது சுடும். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நடந்தது புரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

நான் அஞ்சாவது முடிக்கிற வருஷம், பண்ணைக்காரர் கல் இருக்கிற இடத்துக்குத் தர்க்காஸ்துப் போட்டார். சும்மா கிடக்கிற தரிசைத் தன் பேருக்கு எழுதித் தரச்சொல்லி சர்க்காருக்குக் கொடுக்கிற மனு அது. அவர் காட்டை ஒட்டித்தான் அந்த இடம் இருந்தது. நடுவில் ஒரு கல்வேலி. கல்லெல்லாம் மலைக்காரங்க இடம் பிடிக்க இப்போது நட்டது என்று மனுவில் எழுதியிருந்தாராம்.

அப்பா கணக்குப்பிள்ளையிடம் ஓடினார். அவர் சொன்னார்: "வாயால சொன்னா எவன் கேப்பான்? எந்தக் கல்லு யாருது, எத்தனை தலைமுறை, எல்லாம் எழுதிக் கொண்டா. தாசில்தார் எடத்துக்கே வந்து பாப்பாரு. நாப்பது கல்லுக்கும் ஆள் சொல்லீட்டீங்கன்னா, நேத்து நட்டதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "எழுதறதுக்கு ஆளுக்கு எங்க போறது? நம்மூட்டுலயே இருக்குதே" என்றார். அம்மா எனக்குக் காப்பரிசி இடித்துக் கொடுத்தாள். எனக்கு அப்போது வயசு பன்னிரண்டு.

அத்தை, "வா சாமி, கல்லுக்குப் போலாம். உக்காந்துட்டுச் சொன்னா எனக்கு வராது. கால் நடந்தாத்தான் வாய் வரும்" என்றாள்.

"முள்ளு குத்துமுங்க அத்தை. இங்கயே சொல்லுங்க" என்றேன்.

முள் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை. கல்லுக்குப் போகிற வழி பண்ணைக் கிணற்றைத் தாண்டிப் போகும். அங்கே என்னோடு படிக்கிற பெண்கள் துணி துவைக்க வந்திருப்பார்கள். இந்த அழுக்குச் சேலை அத்தையோடு, சாமைக் கூடையும் கையுமாக அவர்கள் முன்னால் போக எனக்குக் கூச்சமாக இருந்தது.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கை புளியங்கொட்டை அள்ளி வந்தாள். தரையில் ஒவ்வொன்றாக வைத்தாள். அங்கே கல் எப்படி எப்படி நிற்கிறதோ அப்படியே. வேலி வளைகிற இடத்தில் கொட்டைகளும் வளைந்தன. அப்புறம் இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்து நடத்திக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். நான் தொட்டெழுதுகிற பேனாவால் எழுதினேன். "செத்தான்" என்று அவள் சொன்னால் "காலமானார்" என்று எழுதினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இருபத்தெட்டாவது கொட்டைக்கு வந்ததும் அத்தை சிரித்தாள்.

"இவன் ஆட்டைத் திருடினவன் சாமி. பஞ்சத்துல, பண்ணையூட்டுக் கெடாயை ராத்திரியோட ராத்திரியாத் தூக்கியாந்துட்டான். புடிச்சுக் கட்டிவெச்சு அடிச்சாங்களாம். அடிக்க அடிக்க ஏப்பம் உட்டானாம், அத்தனை தின்னிருக்கான்! தின்ன கெடாய்க்கு ஈடா, எங்க காட்டுக்கு வேலி கட்டுடான்னு உட்டுட்டாங்க. மூணு மாசம் கட்டினான். நேரா வந்த வேலியை இங்க கொண்டாந்து வளைச்சுக் கட்டினான். ஏன்டா வளைச்சேன்னாரு அப்பத்திப் பண்ணைக்காரரு. இங்க எங்க ஆளுங்க படுத்திருக்காங்க சாமின்னான். சரி, உடுன்னாரு. ஆட்டைத் திருடினவன், வேலியை வளைச்சவன்."

பேனா நின்றது. இந்தக் காகிதம் தாசில்தார் கைக்குப் போகும். கணக்குப்பிள்ளை படிப்பார். கணக்குப்பிள்ளை மகன் என் வகுப்பு. பண்ணைக்காரருக்குத் தெரியும், அவர் தம்பி மகளுக்குத் தெரியும். திருட்டுப் பரம்பரை என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா என்று நினைத்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு தர்மவானைப் பற்றிப் பாடம் இருந்தது. அதிலிருந்து எடுத்து, "வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்" என்று எழுதினேன்.

"எழுதிட்டியா சாமி?"

"எழுதிட்டேனுங்க."

"இதுல அவன் எங்க இருக்கான்?"

நான் தண்ணீர்ப் பந்தல் வரியைத் தொட்டுக் காட்டினேன். அத்தை அதை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மை ஈரம் காயவில்லை. அவள் இமையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் துடைக்கச் சொல்லவில்லை.

மற்ற நாற்பதையும் அவள் சொன்னபடிதான் எழுதினேன். அதைச் சொல்லிக்கொண்டு என்ன ஆகப்போகிறது.

ஒரு மாசம் கழித்துத் தாசில்தார் பெட்டிவண்டியில் வந்தார். காலை வெயில் ஏறுகிற நேரம். பண்ணைக்காரர், கணக்குப்பிள்ளை, வாத்தியார், ஊர்க்காரர்கள் பத்துப் பேர், எங்கள் ஆறு குடிசைச் சனம் எல்லாம் வேலி ஓரத்தில் நின்றோம். எழுதியவள் என்று அப்பா என்னை முன்னால் நிறுத்தியிருந்தார். தாசில்தார் கண்ணாடி போட்ட மனுஷர். கடுகடுப்பாக ஒன்றும் பேசவில்லை. என் காகிதம் அவர் கையில் இருந்தது.

"எழுத்து நல்லா இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் அத்தையைப் பார்த்து, "நீ கல்லு கல்லாச் சொல்லிட்டு வாம்மா. இதுல எழுதியிருக்கற மாதிரியே வந்துட்டா, இது உங்க எடம். நான் எழுதிக் குடுத்துட்டுப் போறேன். பண்ணைக்காரரே, சம்மதந்தானே?" என்றார்.

"தாராளமாப் பாருங்க எசமான். நேத்து நட்ட கல்லுக்குக் கதை வேணும்னா எத்தனை வேணும்னாலும் வரும்" என்றார் பண்ணைக்காரர்.

அத்தை கூடையோடு நடந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் சாமை போட்டுச் சொன்னாள். தாசில்தார் பின்னாலேயே வந்து பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. மூன்று புருஷனைப் புதைத்தவளுக்கு வந்தபோது, "நாலாவது ஆள் தப்பிச்சுட்டானா?" என்று கேட்டார். அத்தை, "அவனைக் கட்டறதுக்கு முன்னால இவ போயிட்டாளுங்க சாமி" என்றாள். தாசில்தாரே சிரித்தார். பண்ணைக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்பா என் தோளைப் பிடித்து அமுக்கினார். நான் கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். வேலி வளைகிற இடம் வந்துவிட்டது.

அத்தை சாமையைப் போட்டாள். ஆட்டைத் திருடினவனைச் சொன்னாள். அடியைச் சொன்னாள், ஏப்பத்தைச் சொன்னாள். வேலி வளைந்த கதையைக் கையைக் காட்டிச் சொன்னாள். "அப்பத்திப் பண்ணைக்காரரே சரின்னு உட்டதுங்க சாமி. வேலி கட்டறதுக்கு முந்தியே இங்க எங்க கல்லு இருந்ததுங்க. இல்லாட்டி இது ஏனுங்க வளையுது?" என்றாள்.

தாசில்தார் வேலியைப் பார்த்தார். இருபுறமும் நேராக வந்த வேலி அந்த ஓர் இடத்தில்தான் வயிறு தள்ளின மாதிரி வளைந்து போயிற்று. அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அப்புறம் காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல அப்படி இல்லையே. இருபத்தெட்டு, தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்னு இருக்கு."

"இந்த முள்ளுக்காட்டுல யாருக்குங்க தண்ணிப் பந்தல்? காக்காய்க்கா?" என்றார் பண்ணைக்காரர். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "வேலி வளைஞ்சிருக்கறதைப் பாத்துட்டுக் கெழவி இப்பத்தான் கட்டறா, எசமான். எழுதறப்ப ஒரு கதை, எதிர்க்க நின்னா ஒரு கதை."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வழியில் எதையோ கீழே போட்டுவிட்டோமா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஆட்டுக்காரனை நீ எழுதலியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைகள் திரும்புகிற மாதிரியே. வாத்தியாரும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க சொல்லலீங்க அத்தை" என்றேன்.

சத்தம் அதிகம் வரவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

 அத்தை கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்புறம் தாசில்தாரிடம் சொன்னாள்:

"புள்ள சரியாத்தானுங்க எழுதியிருக்கும். நாந்தான் மறந்துட்டேனுங்க சாமி."

எங்கள் சனத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். தாசில்தாருக்கு அது என்ன வார்த்தை என்று தெரியாது. வயசானவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தார்.

"மிச்சத்தைச் சொல்லும்மா, பரவால்ல" என்றார்.

"இனிச் சொல்லக்கூடாதுங்க" என்று அத்தை கூடையைக் கீழே வைத்தாள்.

தாசில்தார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இப்போது நினைத்தால், அவர் எனக்காகத்தான் நின்றாரோ என்று தோன்றுகிறது. என் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான், "அத்தை சொன்னாங்க, நாந்தான் மாத்தினேன்" என்று சொல்லியிருந்தால் போதும். நாலே வார்த்தை. வாயில் வந்தது. நான் சொல்லவில்லை. அவர் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

இடம் பண்ணைக்காரருக்கு ஆயிற்று. அவர் முதலில் செய்த வேலை, வளைந்த வேலியை நேராக்கியது. அதற்கு வேண்டிய கல் அங்கேயே இருந்தது.

அப்பா அத்தையோடு மூன்று வருஷம் பேசவில்லை. "நாப்பத்தொண்ணு தெரிஞ்சவளுக்கு அன்னிக்குன்னு ஒண்ணு மறந்துபோச்சாமா!" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதே வாயால், "எம்புள்ள எழுத்தைத் தாசில்தாரே மெச்சினாரு" என்பார். இரண்டையும் அத்தை கேட்டுக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அத்தை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்றுகூட எனக்குத் தெரியாது. முன்னைப் போலவே "சாமி" என்றுதான் கூப்பிட்டாள். தலைவாரி விட்டாள். திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

அந்த இடத்தில் கடலைக்காய் போட்டார்கள். நாங்களே அதில் கூலிக்குப் போனோம், வேறென்ன செய்வது. ஒரு நாள் காய் பறிக்கிறபோது பார்த்தேன். எல்லாரும் வரிசை பிடித்து நேராகப் போகிறார்கள். அத்தை மட்டும் இங்கே ஒதுங்கி, அங்கே ஒதுங்கிப் போகிறாள். கங்காணி, "ஏ கெழவி, கண்ணு தெரியலையா? உழவுச் சாலைப் புடிச்சுப் போ" என்று கத்தினான். கல் நின்ற இடம் எதையும் அவள் மிதிக்கவில்லை. நாற்பத்தொன்றும் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

நான் பக்கத்தில் போய், மெதுவாக, "சொல்லுங்க அத்தை. யாருக்கும் கேக்காது. நான் ம் சொல்றேன்" என்றேன்.

"மறந்தவகிட்ட என்ன கேக்கறே சாமி" என்று சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். செடியைப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பனமரத்துப்பட்டிப் பக்கம் கலியாணம் ஆயிற்று. உலகச் சண்டை நடக்கிற வருஷம், அரிசி கிடைக்காத காலம், அத்தை போய்விட்டாள் என்று ஆள் வந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். புதைக்க இடம் இல்லாமல் ஓடைக்கரையில் குழி வெட்டியிருந்தார்கள். ஒரு கல்லும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கல் நட்டவுடனே, இவர் யார் என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் "ம்" என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் ஒருவர் கல்லாக நிற்க முடியும்.

முறைக்குப் பெரியப்பாவான கிழவர் ஒருவர் சுற்றிப் பார்த்தார். "இவளை என்னான்னு சொல்றது?"

 அப்புறம் யாரோ, "என்னான்னு சொல்றது? மறந்தவ. தாசில்தாருக்கு முன்னால மறந்தவ. ஊருக்கே தெரியுமே" என்றார்கள். பொல்லாப்பாகச் சொல்லவில்லை. எங்கள் வழக்கத்தில் நல்லதும் கெட்டதும் அப்படியே சொல்வதுதான்.

"ம்" என்றார்கள். ஒவ்வொருவராக. பெரியப்பா என்னைப் பார்த்தார், அண்ணன் தம்பி மக்களில் மூத்தவள் நான்தான் என்று. கைப்பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நானும் "ம்" என்றேன்.

ஓடையில் கை கால் கழுவிக்கொண்டு திரும்புகிறபோது பெரியப்பா என் கூடவே நடந்து வந்தார். சாமைக் கூடையை எடுத்து வந்திருந்தார்.

"உங்க அத்தை உனக்குத்தானே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. பாதியாவது தெரியுமில்ல? கல்லு போனாப் போகுது. வருஷத்துக்கு ஒருக்கா வந்து, அந்த வேலிக்கு வெளியவாவது நின்னு சொல்லு சாமி. படிச்ச புள்ள நீ. உட்டா இனி ஆள் இல்ல."

அவர் கூடையை என் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார். எங்கள் சனம் முன்னால் போய்விட்டது.

"எனக்கும் மறந்துபோச்சுங்க" என்றேன்.

பதினைந்து கல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்டுக்காரனைச் சேர்த்தால் பதினாறு.